உத்தரத்தில் 1074 என்று இருந்தால் ஆயிரம் வருசமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் பழைய கட்டடங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குளத்தங்கரையில் நின்று எடுத்த படங்கள் அருமை, சொந்த ஊரைப் பேப்பரில் பார்க்கிற சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். ஆனால் ஒரு படத்துக்குக் கீழே 'ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பழமையான வீடு' என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த வீட்டின் உத்தரத்தில் 1074 என்று செதுக்கியிருப்பது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கி.பி. இல்லை சார், கொல்லம் ஆண்டு.

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரை நாங்கள் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. பத்திரம், ஜாதகம், வீட்டு உத்தரம் என்று எதை எடுத்தாலும் பழைய ஆட்கள் கொல்லம் ஆண்டில்தான் எழுதினார்கள். அது கி.பி. 825இல் தொடங்குகிறது, வருடம் பிறப்பது ஆவணியில். ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824, ஜனவரிக்கு மேல் 825 கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எல்லாச் சாதியும் கோவிலுக்குள் போகலாம் என்ற திருவிதாங்கூர் கோவில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) 27 என்பார்கள், கூட்டிப் பாருங்கள், 1936 நவம்பர் 12 வரும். அப்படியானால் 1074 என்பது 1898-99. உங்கள் ஆயிரம் வருச வீட்டுக்கு இன்னும் நூற்று முப்பது கூட முடியவில்லை.

எங்கள் தெருவில் இருக்கிற வயதான ஆசாரி ஒருவரிடம் பேப்பரைக் காட்டினேன். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அயனித் தடிதான், நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஆயிரம் வருசம்னு எவன் சொன்னான் மக்கா?" என்று சிரித்தார்.

ஓட்டிலும் இதே ஏமாற்று இருக்கிறது. சில வீடுகளில் ஓட்டைக் கழற்றிப் புரட்டினால் அடியில் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் பெயரும் 1865 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். உடனே வீடு 1865இல் கட்டியது என்று சொல்லிவிடுகிறார்கள். அது அந்த மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். எத்தனையோ வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அந்த எண் இருக்கும். அதற்கு முன்னால் நாட்டு ஓடு, அதுவும் இல்லாதவர்களுக்கு ஓலை. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கையில் காசு இருந்தாலும் ஓடு போடவோ மாடி எடுக்கவோ எல்லாச் சாதிக்கும் அன்றைக்கு அனுமதி கிடையாது. பழைய ஓட்டு வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தத் தெருவில் ஒன்று கூட இல்லை என்று பார்த்தாலே பாதிச் சரித்திரம் தெரிந்துவிடும்.

சுசீந்திரம் ரத வீதிகளின் அழகைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வீதிகளில் எல்லோரும் நடக்கலாம் என்று ஆவதற்கு 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது, டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னின்றார்கள். வீடுகளின் திண்ணையையும் தூணையும் வர்ணிக்கிற கட்டுரையில் அந்தத் திண்ணைக்கு முன்னால் யாரை நடக்க விடவில்லை என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.

அப்புறம் அந்த மதில். இரண்டாவது படத்தில் முற்றத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு மதில் போகிறதே, அதை 'பிற்காலத்தில் எழுப்பப்பட்ட அலங்கோலமான சுவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் முக்கியமானதே அதுதான். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது, சொத்து மகனுக்கு இல்லை, சகோதரியின் பிள்ளைகளுக்கு. அதனால் வந்த சண்டையையும் வழக்கையும் எங்கள் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாட்டிலேயே கிண்டல் செய்து தீர்த்துவிட்டார். (அதே கவிமணி கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர், அவர் ஊரிலேயே ஒரு எண்ணை இப்படித் தப்பாகப் படித்திருக்கிறோம்.) 1926இல் சட்டம் வந்து, சொத்தைப் பங்கு வைக்கலாம் என்று ஆன பிறகு பெரிய வீடுகள் துண்டு துண்டாயின. ஒருத்தருக்கு அடுக்களை, ஒருத்தருக்கு மச்சு, முற்றத்தில் ஆளுக்குப் பாதி. நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் யார் பக்கம் விழுந்தது என்று இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த மதில்கள்தான் இவை.

இந்த வீடுகள் விழுவதற்கு ஆட்களின் அலட்சியத்தைக் காரணம் சொல்கிறீர்கள். கொஞ்சம் சரி. ஆனால் பழுது பார்க்கிறேன் என்று கெடுத்தவையும் நிறைய. குளத்தங்கரை மண்ணில் ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். விரிசல் தெரிகிறது என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். அதைப் பார்த்துவிட்டு, சுவர் போய்விட்டது, இடித்துவிடலாம் என்று கொத்தனாரே சொல்லிவிடுவார். இடித்தால் தூணும் கதவும் ரிசார்ட் கட்டுகிறவர்களுக்குப் போகும், நல்ல விலை. வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலுக்கு அறநிலையத் துறை இருக்கிறது. சுசீந்திரம்-தேரூர் குளங்களுக்கே 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்து, பறவை பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நடுவில் இருக்கிற வீடு, மடம், படித்துறை, கல்மண்டபம் இவற்றுக்குத்தான் கேட்பாரில்லை. பழைய கட்டடங்களைக் காக்க மரபுரிமை ஆணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2012இலேயே சட்டம் இயற்றியாகிவிட்டது. ஆனால் பட்டியலில் சேர்க்க முதலில் ஊரில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமே.

அதை உங்கள் பேப்பர் தொடங்கி வைக்கலாம். வருகிற ஞாயிறு 1074ஐத் திருத்தி ஒரு வரி போடுங்கள், கூடவே கொல்லம் ஆண்டுக் கணக்கைச் சின்னப் பெட்டியில் போட்டு, உத்தரத்திலோ நிலைப்படியிலோ எண் இருக்கிற வீட்டுக்காரர்கள் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். பழைய பத்திரம் இருந்தால் அதன் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மலையாளத்தில் இருக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டாம், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேரூர்