எனாமல் பெயின்ட் மேல் லாக்கர் பூச்சு: கிளாஸ் கிளியர் ஸ்ப்ரே குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் (பெயர், முகவரி, ரசீது நகல் இணைப்பில்),
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மாடல் பெயின்ட் இறக்குமதி மற்றும் விநியோக நிறுவனம்.

பொருள்: டப்பாவின் எச்சரிக்கை வரிகள் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியதால் மாடல் பாழானது, பணத்தைத் திருப்பித் தரவும், கடைகளில் உள்ள டப்பாக்களின் ஸ்டிக்கரைச் சரிசெய்யவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

நவம்பர் 3 அன்று உங்கள் இணையக் கடையில் கிளாஸ் கிளியர் ஸ்ப்ரே, அதாவது பெயின்ட் மேல் அடித்தால் பளபளப்பு தரும் நிறமற்ற பூச்சு, இரண்டு டப்பா வாங்கினேன். டப்பா ஒன்று 590 ரூபாய். அதில் ஒன்றை 14ஆம் தேதி, 14 மாதமாக நான் செய்துவந்த நீலகிரி மலை ரயில் பெட்டியின் மாடல் மீது அடித்தேன். பெட்டியின் வலது பக்கம் முழுக்கப் பெயின்ட் சுருங்கிப்போனது. இதைப் பற்றி நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சலுக்கும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு எழுத்துகூட மாறாமல். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பதிலில் 'முதன்முறை பயன்படுத்துவோர் வழக்கமாகச் செய்யும் தவறுகள்' என்று ஒரு வாசகம் இருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் பெயின்ட் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, பிரைமர், கலர், கடைசியில் வார்னிஷ் என்று ஒரு பெட்டிக்கு எத்தனை கை அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறேன். முதுகு வலிப்பதில்லை, மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

மாடல் 22.5இல் ஒரு பங்கு அளவு. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) என்பதால் இந்த அளவில் செய்தால் கடையில் கிடைக்கும் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பொருந்தி நிற்கும். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிச் செய்த உடல், பித்தளைக் கம்பியில் கைப்பிடிகள். கீழே நீலம், ஜன்னல் வரிசையில் க்ரீம், இரண்டும் எனாமல். கடைசிக் கை அடித்து 12 நாள் காயவிட்டேன்.

இதற்குமேல் கிளாஸ் எதற்கு என்று உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் போனில் கேட்டார். 'மேட் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே சார்' என்றார். மேட் என்றால் பளபளப்பில்லாத பூச்சு. ஸ்ப்ரே விற்கிற நிறுவனத்தில் இருப்பவர் கேட்கிற கேள்வியா இது? பெட்டி எண்ணையும் எழுத்துகளையும் டெக்கலாக ஒட்ட வேண்டும். டெக்கல் என்பது தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டுகிற மெல்லிய படலம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் பொடிப் பொடியாகக் காற்று மாட்டிக்கொண்டு, எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்த மாதிரி தெரியும். அதனால் முதலில் கிளாஸ் அடித்துப் பரப்பை வழவழப்பாக்கி, டெக்கல் ஒட்டி, மேலே இன்னொரு கை கிளாஸ் அடித்து மூடுவார்கள். கடைசியில் மேட் வேண்டுமென்றாலும் டெக்கலுக்கு அடியில் கிளாஸ் தேவை. அப்புறம், வார்னிஷ் போட்டுப் பளபளவென்று பணிமனையை விட்டுக் கிளம்பும் பெட்டியை 31 வருடம் பார்த்தவனுக்கு மேட் பெட்டி, குளிக்காத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பின மாதிரி.

இனி 14ஆம் தேதிக்கு வருகிறேன். அடைமழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் விட்டிருந்தது. காலை 11 மணிக்கு மாடியில், ஈரப்பத மானியில் 58 சதவீதம். டப்பாவைக் கைச்சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்தேன். முதலில் புகை போல லேசாக ஒரு கை, கால் மணி நேரம் கழித்து நனைகிற மாதிரி ஒரு கை. என்னிடம் உங்கள் இதே ஸ்ப்ரேயின் பழைய டப்பா ஒன்று இருந்தது, போன வருடம் வாங்கியது. அது இடது பக்கம் இரண்டு கை அடிக்கத்தான் சரியாக இருந்தது. வலது பக்கத்துக்குப் புது டப்பாவை உடைத்தேன். அதே பெயர், அதே படம், அதே மூடி. வாடை மட்டும் கொஞ்சம் காரமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். என் பக்கத் தப்பு என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான். ஆனால் முதல் டப்பா வாங்கும்போது சோதித்துப் பார்த்துவிட்டு, நாலு டப்பா பழகின பிறகு, ஐந்தாவதையும் யார் சோதிப்பார்கள்?

லேசாக அடித்த முதல் கை தாங்கியது. இரண்டாவது கை அடித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. க்ரீம் பட்டையில், மூன்றாவது ஜன்னலுக்கு மேல், ஒரு முடிக்கோடு. ஏதோ தூசி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்க்கும்போதே அது இரண்டாகி, நாலாகி, சூடான பாலை ஊதும்போது ஆடை சுருங்குமே, அது மாதிரி ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து போனது. நீலம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு கீழ் விளிம்பிலிருந்து அதுவும் தூக்கிக்கொண்டது. தொடவும் முடியாது, துடைக்கவும் முடியாது. கையில் டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் திருப்பினால் மாடிக் கைப்பிடிச் சுவரும் கொடியில் காயும் துணியும் அதில் தெரிகின்றன, அவ்வளவு பளபளப்பு.

உங்கள் பதில் மின்னஞ்சல் சொல்வது: 'ஈரப்பதம் அதிகமுள்ள நேரத்தில் அடித்ததால் அல்லது ஒரே முறையில் அதிகமாக அடித்ததால் இவ்வாறு நேர்ந்திருக்கலாம்.' ஈரப்பதத்தால் வருவது வேறு நோய். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பூச்சு பால் தெளித்த மாதிரி வெளுக்கும். மழைக்காலத்தில் தின்னரோடு, ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் சேர்ப்பது அதற்காகத்தான். வெளுத்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். என் பெட்டியில் ஒரு இடத்திலும் வெளுப்பு இல்லை, முழுக்கச் சுருக்கம். அதிகமாக அடித்தேன் என்றால் வழிந்திருக்கும். வழிசலும் இல்லை, புகைப்படம் 4ஐப் பெரிதாக்கிப் பார்க்கவும்.

அதைவிட நேரான கேள்வி ஒன்று உண்டு. ஒரே பெட்டி, ஒரே நாள், ஒரே கை, ஒரே பெயின்ட், ஒரே ஈரப்பதம். இடது பக்கம் கண்ணாடி, வலது பக்கம் சுருக்கம். இரண்டுக்கும் இடையில் மாறியது டப்பா மட்டும்தானே? இதை இரண்டு மின்னஞ்சலிலும் எழுதியிருந்தேன். இரண்டிலும் இதற்குப் பதில் இல்லை.

சுருக்கத்துக்குக் காரணம் பெயின்ட் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். லாக்கர் என்பது கரைப்பான் ஆவியானதும் சட்டென்று காயும் பூச்சு. லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் அடிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரி சொல்லிக்கொடுத்த பாடம். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெதுவாக இறுகுவது. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். அதன்மேல் லாக்கரின் காரமான கரைப்பான் இறங்கினால் மேல்தோல் ஊறி விரியும். விரிய இடமில்லாமல் மடிந்துகொள்ளும். ஆக, உங்கள் புது டப்பாவில் இருப்பது பழைய சரக்கு இல்லை என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு புகார் எழுதக் கூடாது என்று ஸ்பூன் சோதனை செய்தேன். மாடல் செய்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். பிளாஸ்டிக் ஸ்பூனின் குவிந்த முதுகு சோதனைக்கு நல்ல பரப்பு. 2022 தடைக்குப் பிறகு அந்த ஸ்பூன் கடையில் கிடைப்பதில்லை. பரணில் பழைய பாக்கெட் ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் நண்பரிடம் உங்கள் பழைய டப்பா ஒன்று பாக்கி இருந்தது, அதையும் வரவழைத்தேன். எனாமல் அடித்து 12 நாள் காய்ந்த ஸ்பூன்கள், அக்ரிலிக் என்ற வேறு வகைப் பெயின்ட் அடித்தவை, ஒன்றுமே அடிக்காத வெறும் ஸ்பூன்கள். பழைய டப்பாவில் மூன்று வகையும் நன்றாக வந்தன. புதியதில் எனாமல் ஸ்பூன் பெட்டியைப் போலவே சுருங்கியது. அக்ரிலிக் தப்பித்தது. வெறும் ஸ்பூனின் வளைவில் சிலந்தி வலை மாதிரி பொடி விரிசல்; பிளாஸ்டிக்கையே தின்றிருக்கிறது. ஸ்பூன்களை எண் போட்டு வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகுதான் டப்பாவை ஒழுங்காகப் பார்த்தேன். பின்பக்கம் உங்கள் நிறுவனம் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர்: இறக்குமதியாளர் பெயர், விலை, மாதம், வருடம், புகார் எண். சட்டப்படி ஒட்ட வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. எங்கே ஒட்டினீர்கள் என்பதுதான் விஷயம். தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து மெதுவாக உரித்தேன். அடியில் சிவப்புக் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரி: புதிய லாக்கர் கலவை, எனாமல் பூச்சின் மேல் பயன்படுத்த வேண்டாம். நண்பரின் பழைய டப்பாவிலும் உரித்துப் பார்த்தோம். அதில் அந்தக் கட்டமே இல்லை.

தயாரித்தவர் கலவையை மாற்றியிருக்கிறார், மாற்றியதைச் சொல்லியும் இருக்கிறார். வாங்குகிறவன் கண்ணில் படாமல் செய்தது உங்கள் ஸ்டிக்கர். வேண்டுமென்றே ஒட்டியதாக நான் சொல்லவில்லை. கிடங்கில் ஒருவர் காலியாகத் தெரிந்த இடத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருப்பார். ஆனால் திறக்காத இரண்டாவது டப்பாவிலும் அதே இடத்தில்தான் ஸ்டிக்கர் இருக்கிறது. உங்கள் இணையக் கடையில் இன்றைக்கும் பழைய டப்பாவின் விவரம்தான், 'எல்லா வகைப் பெயின்ட் மீதும் அடிக்கலாம்' என்ற வரியோடு. நேற்று இரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட் இணைப்பில் இருக்கிறது.

நான் கேட்பவை இவை. இரண்டு டப்பாவின் விலை 1,180 ரூபாயும், பாழான பெயின்ட், டெக்கல், பிளாஸ்டிக் ஷீட்டுக்கான 3,400 ரூபாயும் திருப்பித் தர வேண்டும், ரசீதுகள் வைத்திருக்கிறேன். 14 மாத உழைப்புக்கு நான் விலை போடவில்லை, போட்டால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைகளுக்கு அனுப்பிய டப்பாக்களில் ஸ்டிக்கரை இடம் மாற்றி ஒட்ட வேண்டும். இணையக் கடையில் அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிட்டு, கலவை மாறியதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட வேண்டும். பணத்தைவிட இது அவசரம். இந்த மாதம் அந்த டப்பாவை வாங்கியவர்களில் எத்தனை பேர் எனாமல் காயட்டும் என்று காத்திருக்கிறார்களோ.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை.

திறக்காத டப்பா, உரித்த ஸ்டிக்கர், ஒன்பது ஜோடி ஸ்பூன்கள் ஆகியவற்றைச் சோதனைக்கு அனுப்பத் தயார், கூரியர் செலவு உங்களுடையது. பெட்டியைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் வீட்டில் இருப்பேன். இடது பக்கத்தைக் கையால் தொட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல்கள், புகைப்படங்கள் 11, இரண்டு மின்னஞ்சல்களும் அவற்றுக்கு வந்த ஒரே பதிலும், இணையக் கடைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.