கோமுவுக்கு, சிந்துபூந்துறையிலிருந்து

சிந்துபூந்துறை,
திருநெல்வேலி,
பிப்ரவரி 2024

ஏட்டி கோமு,

திட்டாதே. தண்ணீர் வந்தது டிசம்பரில், இப்போது மாசி பிறந்துவிட்டது. நீ எத்தனை தடவை கூப்பிட்டாய், நான் "நல்லா இருக்கோம், அப்புறம் பேசுதேன்" என்று ஒரே வரியில் மூடிவிட்டேன். இதையும் ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நடுவில் குக்கர் விசிலடிக்கும், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் தாள்.

வீட்டுச் செய்தியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழி முதல் நாள் மழை கோலமே போட விடவில்லை. மறுநாள் விடியும்போது ஆறு வீட்டுக்குள். அத்தையை மச்சுக்கு ஏற்றிவிட்டோம். கிரைண்டர் போச்சு, கட்டில் போச்சு, கல்யாண ஆல்பம் போச்சு. அதில் நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கிற படமும் போச்சு, சந்தோஷப்படு. குறுக்குத்துறை முருகன் வழக்கம்போல மூழ்கி எழுந்துவிட்டார். நாம் உட்கார்ந்து படித்த மண்டபமெல்லாம் சேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மச்சில் தினமும் சாயங்காலம் நாலு பிள்ளைகள் வேதியியல் படிக்கிறார்கள். சின்னவள், அவளோடு படிக்கிற இரண்டு பேர், அப்புறம் ஆற்றோரத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை. அவள் வீட்டில் பாயும் பாத்திரமும்கூட மிஞ்சவில்லை. பாடப்புத்தகம் பள்ளிக்கூடத்தில் புதுசு கொடுத்துவிட்டார்கள். நோட்டை யார் கொடுப்பார்? ஆறு மாதம் எழுதினது. பாடம் மொத்தம் பதினைந்து. மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து என்று பிரித்துக்கொண்டு அவளுக்காகக் கையால் எழுதித் தந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்கலாமே என்று கேட்டேன். "எழுதினா எங்களுக்கும் திருப்புதல்மா" என்றாள் என் மகள். தர்மமும் ஆச்சு, படிப்பும் ஆச்சு, சரியான வியாபாரி!

அந்தப் பிள்ளைக்கு நோட்டைப் பார்க்கத்தான் நேரம் இல்லை. அம்மாவோடு பீடி சுற்றுகிறாள். சுளகை மடியில் வைத்துக்கொண்டே மச்சுக்கு வருவாள். இவர்கள் வாசிப்பார்கள், அவள் சுற்றுவாள். வெட்டின இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்குவதற்குள் ஒரு மார்க் கேள்விக்குப் பதில் வந்துவிடும். தலையே நிமிராது. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். முறுக்கு சுட வைத்த எண்ணெய் ஒருநாள் புகைந்தே போய்விட்டது.

போன வாரம் கான்னிசரோ வினை. "ஆல்பா ஹைட்ரஜன் உள்ள ஆல்டிஹைடு, அடர் சோடியம் ஹைட்ராக்சைடு" என்று என் மகள் கடகடவென்று ஒப்பித்தாள். ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டின கார்பனில் இருக்கிற ஹைட்ரஜன்தானே இந்த ஆல்பா. நூல் சுற்றின விரல் நின்றுவிட்டது. "நேத்து ஆல்டால் குறுக்கத்துக்கும் ஆல்பா ஹைட்ரஜன் வேணும்னியே. ரெண்டுக்கும் அதேதான்னா, எந்த வழியா போகணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

மச்சில் சத்தமே இல்லை. புத்தகத்தைப் புரட்டினால், ஆல்பா ஹைட்ரஜன் *இல்லாத* ஆல்டிஹைடு! எவளோ ஒருத்தி அவசரத்தில் தப்பாக எழுதியதை மற்ற இரண்டு பேரும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக மூன்று பேரும் தப்பையே உருப்போட்டிருக்கிறார்கள். கண்ணால் படிக்கிறவளுக்குத் தாளில் இருப்பதே போதும் போல. காதால் கேட்கிறவளுக்குக் காரணம் இல்லாவிட்டால் நிற்க மாட்டேன் என்கிறது. நானும் நீயும் 92-இல் இருநூறு மார்க்குக்குப் படித்தோமே, ஒரு நாளாவது ஏன் என்று கேட்டோமா? பியூரெட் டீச்சர் சொன்னார், எழுதினோம். நான் உன் அளவீட்டைப் பார்த்து எழுதினேன், நீ யாரைப் பார்த்து எழுதினாயோ!

சரி, இடம் கிடைத்ததே என்று உன் பழைய சாராய ஜோக்கை எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு பென்சால்டிஹைடு. ஒருத்தி தன் ஹைட்ரஜனைத் தூக்கி மற்றவளுக்குக் கொடுக்கிறாள். கொடுத்தவள் புளித்து பென்சோயேட் ஆனாள், வாங்கினவள் ஆல்கஹால், அதாவது சாராயம் ஆனாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் பேரைச் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்கின பிறகு அந்தப் பிள்ளை ஒன்று சொன்னாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பரீட்சை முடிந்ததும் முழுநேரமும் பீடிதானாம், அம்மா சொல்லிவிட்டாளாம். போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்றேன். அது எத்தனை நாள் கூலி என்று அவள் விரலில் எண்ணினாள். எண்ணி முடித்து ஒன்றும் சொல்லவில்லை. கோபப்படவும் முடியவில்லையடி, அவள் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை என் தோளுக்கு மேலே நிற்கிறது. பி.எஸ்சி. வேதியியலுக்கு மனுப் போடுகிற நேரத்தில் நீ ஒரு தடவை அந்த அம்மாவோடு பேச வேண்டும். என்னைவிட நீ சொன்னால் எடுபடும், இருபது வருஷ வாத்திச்சி.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை. மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடுகிற நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் 0.0591 எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள். மற்ற மூன்று பேரும் "அது அப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு மறந்தே போய்விட்டது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சுளகுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். குக்கர் வைக்க மாட்டேன், சத்தியம்.

உன்
ஆவுடை

பி.கு.: அல்வா அனுப்பவில்லை. வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்.