தவலை கொண்டுவந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள கடலூர்க்காரர்களுக்கு,

நம் பக்கத்துப் பழங்காசுகளை நாங்கள் பெரிதாக வரைந்த காசுச் சுவர் முடிந்துவிட்டது. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இப்படி ஒரு மடல் எழுதுவோம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளிலும் அதே தண்ணீர்தான் நின்றது.

தங்கள் வீட்டுச் சேற்றை அள்ளி முடிப்பதற்குள் மண்வெட்டியோடு இங்கே வந்த இளைஞர்கள், பிரைமரைக் கடனுக்குக் கொடுத்த பெயிண்ட் கடைக்காரர், சாரம் கட்டியவர்கள், ஓவிய ஆசிரியர், அவருடைய மாணவர்கள், வேளை தவறாமல் டீ அனுப்பிய அண்ணன், தூய்மைப் பணியாளர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மலையமான் காசில் வேலை நின்றுபோயிருந்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஆண்ட மலையமான் என்ற சிற்றரசர்களின் சங்ககாலச் செப்புக்காசு அது, அங்கே பெண்ணையாற்று மணலில் கிடைத்தது. சதுரமாக, சின்னதாக இருக்கும். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் நெளிந்தோடும் ஆறும் மீன்களும். அந்த ஆறு பெண்ணைதான் என்பது நாணய ஆய்வாளர்கள் கருத்து. நம் ஊருக்கு வந்து கடலில் சேர்கிற அதே ஆறு! அதை ஆளுயரத்துக்கு வரைந்தாயிற்று, நிறம்தான் அமையவில்லை. பழுப்பு பூசினால் மண்கட்டியாகத் தெரிந்தது, செம்பு நிறம் பூசினால் புதுப் பாத்திரம்.

எதிர் வீட்டு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், உள்ளே போய்ப் பரணில் கிடந்த செப்புத் தவலையைத் தூக்கி வந்தார். "மண்ணுல கெடந்த காசு இப்படித்தான் இருக்கும் தம்பி. இதைப் பாத்துப் பூசுங்க." வயிற்றுப் பகுதியில் பச்சைக் களிம்பு, அதனடியில் கருமை, விளிம்பு தேய்ந்த இடத்தில் மட்டும் சிவப்பு. அவர் பிறந்தது திருக்கோவிலூர்ப் பக்கமாம். அங்கே ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மணலை அரித்துக் காசு பொறுக்குவார்களாம், பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவார்களாம். எத்தனை மலையமான் காசு அப்படி உருகித் தவலையும் குடமுமாக ஆனதோ!

வீடெங்கும் சேறு. மற்ற பாத்திரங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தவர், இந்தத் தவலையை மட்டும் படம் முடியும்வரை தேய்க்காமல் சுவரோரம் விட்டுவைத்தார். அந்தக் களிம்பின் நிறம்தான் இன்று அந்தக் குதிரைக்கு. பக்கத்தில் நிற்கும் ராஜராஜன் செப்புக்காசுக்கும் அதே நிறம்தான். பரங்கிப்பேட்டை வராகனில் மட்டும் பொன் மின்னுகிறது, அது பொற்காசு.

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தவலையைத் தேய்க்கும் நாளில் கூப்பிடுங்கள், நாங்களே வந்து தேய்த்துத் தருகிறோம். அப்புறம் இன்னொன்று: ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும், பொங்கலுக்கு முன்னால், இந்தச் சுவரின் அடிப்பகுதியைக் கழுவி வண்ணம் பூசுவது எங்கள் பொறுப்பு.