கோச்சுக்கு மட்டும் ஆண்டுக்குப் பத்து மாதமா?

மதிப்பிற்குரிய கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஏப்ரலிலும் அந்தச் செய்தி வந்துவிட்டது. "ஒப்பந்தம் 30ஆம் தேதியோடு முடிகிறது. தேவைப்பட்டால் ஜூலையில் அழைக்கிறோம்." சில கல்லூரிகளில் கடிதமாக, பல கல்லூரிகளில் அலுவலகத்திலிருந்து வாட்ஸப்பில். அதே வாரம் இன்னொன்றும் வரும்: "சார், இந்த வருஷம் பாஸ்கட்பால் டீமுக்கு ஆறரை அடியில ஒரு சென்டர் பிளேயர் பிடிச்சிடுங்க." இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கூடைப்பந்துப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுங்கள்.

மே மாதத்தில் மாணவர்களே இல்லையே, கோச்சுக்கு என்ன வேலை என்பது உங்கள் தரப்பு. ஓராண்டு அணியின் தலையெழுத்தே அந்த மாதத்தில்தான் எழுதப்படுகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எங்கே சேர்வது என்று முடிவெடுப்பது அப்போதுதான். பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று மின்னொளியில் அகில இந்தியப் போட்டிகள் நடப்பதும் கோடையில்தான். இரவு ஆட்டம் முடிந்து கேலரியைவிட்டு இறங்குவதற்குள் ஒரு நல்ல பையனிடம் மூன்று கல்லூரிக்காரர்கள் பேசிவிடுவார்கள். விடுதி, மெஸ், கட்டணச் சலுகை மூன்றுக்கும் உறுதி தருகிறவரிடம் அவன் போவான். உங்கள் கோச் அங்கே நிற்பது சொந்தக் காசில் பஸ் ஏறி, சொந்தக் காசில் லாட்ஜ் எடுத்து. அந்தத் தேதியில் சட்டப்படி அவர் உங்கள் ஊழியர்கூட இல்லை. கட்டணச் சலுகையைப் பற்றி எந்த அதிகாரத்தில் அவர் வாக்குக் கொடுப்பார்?

அடுத்தது டிரையல்ஸ், அதாவது அணிக்கு ஆள் தேர்வு. ஒரு நாளில் அறுபது பேர் வந்தாலும் ஒவ்வொருவரையும் ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி அளக்க வேண்டும். விண்ணப்பத்தில் 6 அடி 4 என்று எழுதியது சுவரில் 6 அடி 2 ஆவது வாடிக்கை. உயரத்தைவிடக் கையைத் தூக்கினால் எட்டும் அளவுதான் முக்கியம், ரிங் இருப்பது 3.05 மீட்டரில். ஓடிவந்து ரிங்கடியில் பந்தைப் போடும் லே-அப் இரண்டு கையாலும், அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று ஆட்டம், கடைசியில் களைத்த பிறகு ஃப்ரீ த்ரோ. எல்லாவற்றுக்கும் மேலாக, குதித்துத் தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், பெண்கள் அணியில் இன்னும் கவனமாக. அப்படி இறங்கும் பிள்ளைக்கு முட்டியின் ஏ.சி.எல். தசைநார் அறுந்துபோகும் அபாயம் அதிகம். அதைத் திருத்த ஆறிலிருந்து எட்டு வாரம் தொடை, இடுப்புப் பயிற்சி வேண்டும். மே, ஜூன் அதற்குச் சரியாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு மாதமும் உங்கள் மைதானக் கேட்டுக்குப் பூட்டு.

விளைவு ஜூலையில் தெரியும். இரண்டு மாதம் சும்மா இருந்த கால்கள் திடீரென்று காலையும் மாலையும் சிமெண்ட் தரையில் குதிக்கும்போது, மூன்றாவது வாரத்தில் முன்கால் எலும்பு வலியோடு நாலு பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். ஷாட் திருத்துவதும் சீசனில் ஆகாது. பந்தை எறியும்போது முழங்கை வெளியே போகும் பையனைத் திருத்தத் தொடங்கினால் முதல் சில வாரம் அவனுக்கு விழுந்துகொண்டிருந்த பந்தும் விழாது. போட்டியை அடுத்த மாதம் வைத்துக்கொண்டு எந்தக் கோச் அதைத் தொடுவார்? தொட மாட்டார். அந்தப் பையன் மூன்று வருடமும் அதே முழங்கையோடு ஆடிவிட்டுப் பட்டம் வாங்கிப் போவான்.

பத்து மாத ஒப்பந்தத்தால் பி.எஃப். பிடித்தம் ஆண்டுதோறும் இரண்டு மாதம் நின்றுபோகிறது, பணிக்கொடை என்று வந்தால் தொடர்பணியா இல்லையா என்று தகராறு, வங்கியில் கடன் கேட்டால் மே மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். இதை நீட்ட விரும்பவில்லை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் பயிற்சியாளருக்கான டிப்ளமா முடித்து வந்தவரும் பத்து வருடம் கழித்து உங்கள் பதிவேட்டில் 'தற்காலிகம்' என்றே இருக்கிறார்.

வென்றால் நீட்டிப்போம் என்கிறீர்கள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட், ஒன்றில் தோற்றாலே வெளியே. ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டு இரண்டாவது குவார்ட்டரிலேயே நான்கு ஃபவுல் வாங்கினால், ஐந்தாவதில் வெளியேற வேண்டும் என்பதால், அந்த ஆண்டே முடிந்தது. இந்த ஆட்டத்தை 1891இல் கண்டுபிடித்த நெய்ஸ்மித், கான்சஸ் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக 55 ஆட்டம் வென்றார், 60 ஆட்டம் தோற்றார். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1948இல் பயிற்சியாளராக வந்த ஜான் வுடனுக்கு முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. அதையும் சேர்த்து 1975க்குள் பத்துப் பட்டம். இருவருமே உங்கள் ஏப்ரல் வாட்ஸப்பைத் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

பத்து மாதத்திலும் பயிற்சி மட்டுமா நடக்கிறது? காலை 6 மணிக்குக் கோர்ட்டில் நிற்பவர் 8.30க்குக் கேட்டில் நின்று அடையாள அட்டையும் தாடியும் சரிபார்க்கிறார். கல்லூரி விழாவன்று பார்க்கிங் அவர் பொறுப்பு. ஒரு போட்டிக்குப் போய்வந்தால் பன்னிரண்டு பிள்ளைகளின் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தை எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் ஒவ்வொருவர் வாசலிலும் நிற்கிறார். கையெழுத்து கிடைக்காவிட்டால் 75 சதவீத வருகை இல்லை என்று தேர்வெழுத விடமாட்டீர்கள். பதினைந்து பேருக்கு நாலு பந்து. அதில் இரண்டு, சிமெண்ட்டில் தேய்ந்து கோடே தெரியாத பந்து. கோர்ட்டில் இருக்கும் கோடாவது சரியா என்றால், மூன்று பாயிண்ட் கோடு 2010இலேயே 6.25லிருந்து 6.75 மீட்டருக்குப் போய்விட்டது. ரிங்கடியில் இருந்த சாய்வுக் கட்டமும் அப்போதே செவ்வகமாகிவிட்டது. சில கல்லூரிகளில் இன்னும் பழைய கோடுதான். அதில் பழகிய பிள்ளை வெளியூரில் அரை மீட்டர் பின்னால் நின்று எறிந்தால் பந்து ரிங்கின் முன்விளிம்பில் அடித்துத் திரும்பும். அதற்கும் கோச்சைத்தான் கேட்பீர்கள். கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்று சுற்றுச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஒரு டப்பாவும், ஒரு டேப்பும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

பொறுத்தருளுங்கள், எங்கோ போய்விட்டோம். பெயின்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பந்துகூடப் பிறகு வாங்கலாம். இப்போது கேட்பது அந்த இரண்டு மாதத்தைத்தான். முடிந்தால் ஒரு மாணவன் படித்து முடிக்கும் காலமான மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் போடுங்கள். அது இயலாதென்றால் ஓராண்டாகவே இருக்கட்டும், ஆனால் ஆண்டு என்பது பன்னிரண்டு மாதமாக இருக்கட்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குள் ஒப்பந்தப் படிவத்தில் 'ஜூலை 1 முதல் ஏப்ரல் 30 வரை' என்ற வரியை 'ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை' என்று மாற்றி, மே மாத டிரையல்ஸுக்கான பயணப்படியையும் அதிலேயே சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்