மூன்றாவது ஓட்டு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவைச் சுதந்திரம் முதல் அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணியை 2018 மே 9-ல் மக்கள் இறக்கிவிட்டார்கள், அத்தோடு நம் மக்களாட்சி முதிர்ந்துவிட்டது என்று சென்ற ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள். புதன்கிழமையில் போய் தேர்தல் வைத்தார்களே என்று முணுமுணுத்தபடி அன்று வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். விடிய விடியத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரையில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

என் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று, அப்புறம் பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனின் மாநகர் மன்றத்துக்கு ஒன்று என்று மூன்று ஓட்டுப் போட்டவர். எனக்கு இரண்டுதான். கோலாலம்பூரில் குடியேறிவிட்ட என் மகளுக்கு ஒன்றே ஒன்று. அது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள கூட்டரசுப் பிரதேசம், அதற்குச் சட்டமன்றம் கிடையாது. மேயரான டத்தோ பண்டாரும் நியமனம்தான். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஓர் ஓட்டாகக் குறைந்துகொண்டே வருகிறது.

அந்த மூன்றாவது ஓட்டு எப்படிப் போனது என்று இளையவர்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை, அதாவது மாநகர், நகர் மன்றங்களுக்கான தேர்தலை, நிறுத்திவைத்தார்கள். 'நிறுத்திவைப்பு' என்றுதான் பேச்சு. மறு ஆண்டே மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. இதை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், மஇகாவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. ஆளும் கூட்டணிக்குள் இருந்துகொண்டே அதைச் சொல்லத் துணிவு வேண்டும். அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் வந்து கதவை இழுத்துச் சாத்தியது. அன்றிலிருந்து உறுப்பினர்கள் எல்லாம் மாநில அரசு நியமிப்பவர்கள்.

இதெல்லாம் பழைய ஆட்சியின் கணக்கு, சரி. புதியவர்கள் என்ன செய்தார்கள்? பினாங்கை 39 ஆண்டு கையில் வைத்திருந்த கெராக்கான் கட்சியை 2008-ல் வீழ்த்திய ஜசெக (ஜனநாயக செயல் கட்சி), எதிர்க்கட்சியாக இருந்த காலமெல்லாம் ஊராட்சித் தேர்தலைக் கேட்ட கட்சி. 2012-ல் அதற்கென்று மாநிலச் சட்டம் இயற்றினார்கள். 2014-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. முயன்றார்கள், அதை நான் மறுக்கவில்லை. முதலமைச்சர் இரண்டு தவணைக்கு மேல் நாற்காலியில் இருக்கக் கூடாது என்று மாநில அரசமைப்பைத் திருத்தியதும் நல்ல காரியம். ஆனால் தடையாக நிற்பது மத்திய அரசின் கூட்டரசுச் சட்டம் என்றால், அதைத் திருத்த வேண்டிய இடத்துக்கே அவர்கள் வந்துவிட்டார்களே! 2022 டிசம்பரில் ஊராட்சித் துறை அமைச்சுப் பொறுப்பு ஜசெகவின் ஙா கோர் மிங்கிடம் வந்தது. பினாங்கில் தொடர்ந்து நான்கு தேர்தல்களில் வென்றுவிட்டார்கள். 'நெடுநாள் ஆளும் கட்சி' என்றால் அடுத்தவரை மட்டும் நினைக்கும் வழக்கத்தை இனி அவர்கள் விட வேண்டும். நியமன அதிகாரம் ருசிப்பது எந்தக் கட்சிக்கும் சுலபம்.

ஊராட்சித் தேர்தல் வைத்தால் இனப் பூசல் வரும் என்கிறார்கள். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் இதையே சொல்லித் தட்டிக்கழித்தார். 1957-ல் ஜோர்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயர் யார்? தொழிலாளர் கட்சியின் டி. எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தின் தேர்தலில் வென்ற கட்சி ஓர் இந்தியரை மேயராக்கியது. பழைய ஸ்காட் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களுக்கே அவர் யாரென்று தெரிவதில்லை, அது வேறு கதை.

ஊழல் வரும் என்ற வாதத்தைக் கொஞ்சம் மதிக்கிறேன். அன்றைய ஜோர்ஜ்டவுன் மன்றத்தின் மீதும் முறைகேட்டுப் புகார் எழுந்து, 1966-ல் மாநில அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது உண்மை. அதற்காக ஓட்டையே பறிப்பதா? நாடாளுமன்றத்தில் கட்சி தாவி 2020-ல் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தார்கள். அதற்காகப் பொதுத்தேர்தலை யாரும் நிறுத்தவில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் ஜெலுத்தோங்கில் நான் வழக்கமாகத் தே குடிக்கும் ஒட்டுக்கடையில் மேசையைச் சுற்றி இருந்த ஏழு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. சட்டமன்ற உறுப்பினரை ஐந்து பேர் சொன்னார்கள். மாநகர் மன்ற உறுப்பினர் ஒருவர் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை, நானும் சேர்த்தி. கால்வாய், தெருவிளக்கு, குப்பை, அங்காடிக் கடை உரிமம், வீட்டு வரி எல்லாம் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாதவரின் பெயரை எதற்கு மனப்பாடம் செய்வது என்று பக்கத்தில் இருந்த அண்ணன் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பினாங்குத் தீவு, செபராங் பிறை இரண்டு மாநகர் மன்றங்களின் உறுப்பினர் பெயர்களையும், எந்தக் கட்சியின் பங்கில் யார் வந்தார் என்பதையும் ஒரு நாள் முழுப் பக்கத்தில் தமிழில் போடுங்கள். ஒட்டுக்கடைச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுக எழுத்தர்,
ஜெலுத்தோங், பினாங்கு