சதுர அடிக் கணக்கில் ஓவியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலத்துத் தூண்களிலும் சுற்றுச்சுவர்களிலும் படம் வரைந்து வேலூரை அழகுபடுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு என் பழைய மாணவன் ஒருவனின் ஞாபகம் வரும். நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். என்னிடம் படித்த அவன் சினிமா பேனரும் கடை போர்டும் எழுதிப் பிழைத்தவன். பிளக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டது. சில வருஷங்களுக்கு முன்பு, ஊருக்குள் ஓர் அலுவலகச் சுற்றுச்சுவரில் படம் வரையும் வேலை ஒரு கான்ட்ராக்டர் மூலம் அவனுக்குக் கிடைத்தது.

"சார், இன்னா படம்னு ஒருத்தரும் கேக்கல. எத்தினி சதுர அடின்னுதான் கேட்டாங்க" என்றான்.

படம் கான்ட்ராக்டரின் செல்போனில் வந்தது. மயில், தாமரை, யோகாசனம் செய்யும் பெண். பழைய சுண்ணாம்பைச் சுரண்டவில்லை, பிரைமர் அடிக்கவில்லை, அதற்கெல்லாம் ரேட்டில் இடமில்லை. எட்டு நாளில் முடித்துக் கொடுத்தான். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்து மயிலின் தோகை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பிறகு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரே ராத்திரியில் வெள்ளை அடித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அந்தச் சுவரில் அவன் பெயர் எந்த மூலையிலும் இருந்ததில்லை.

இதில் தனி ஒருவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முறையே அப்படித்தான் இருக்கிறது. டெண்டர்களுக்கான தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவர்களில் யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே வேலை. கால்வாய் கட்டுவதற்கு அது நல்ல சட்டம். ஒரே அளவு கால்வாயை இரண்டு பேர் கட்டுவதாகச் சொன்னால் விலையைத்தான் பார்க்க வேண்டும். ஓவியத்தை எதை வைத்து அளப்பது? படத்தைப் பார்க்காமலே விலையைப் பார்த்தால் இன்டர்நெட் மயில்தான் கிடைக்கும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பணத்தை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். இந்தச் சுவருக்கு இவ்வளவு ரூபாய், அதற்குள் யார் என்ன வரைவீர்கள் என்று கேளுங்கள். போட்டி மாதிரிப் படங்களுக்கு இடையில் நடக்கட்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா 1959இலும் சியாட்டில் 1973இலும் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கென்று ஒதுக்க ஆரம்பித்தன. நம் நாட்டிலும் டெல்லியில் நகர்ப்புறக் கலை ஆணையம் என்று ஒன்று 1974 முதல் சட்டப்படி இயங்குகிறது. நமக்கு ஆணையம் வேண்டாம். இரண்டு ஓவியர், ஒரு பொறியாளர், அந்த வார்டுக்காரர் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும்.

வார்டுக்காரரைச் சேர்ப்பது ஒப்புக்கு அல்ல. நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பி 120 அடி நீள இரும்புத் தகட்டை ஓர் அரசுக் கட்டடத்தின் முற்றத்துக்குக் குறுக்கே 1981இல் நிறுத்தினார். நிபுணர் குழு தேர்ந்தெடுத்த வேலைதான். அன்றாடம் அந்த முற்றத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. சண்டை சண்டையாக நடந்து 1989இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். என் மாதிரி ஓவிய ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தாலும் இந்தக் கதைதான்.

வரைந்தவனுக்கும் உரிமை உண்டு என்பது நம் ஊர்க் கலைஞர்கள் பலருக்கே தெரியாது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைத்தால் படைத்தவன் கேள்வி கேட்கலாம் என்கிற பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அது. என் மாணவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான்.

என்ன வரைவது என்பதற்கு நம் பக்கத்தில் பஞ்சமா? கரிகிரி மண்பாண்டம் இருக்கிறது. கூத்து இருக்கிறது, அதன் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் அரிதாரமும் சுவருக்கென்றே செய்தவை போல இருக்கும். வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10 இருக்கிறது, அதற்கு ஊருக்குள் மக்கான் அருகே ஒரு நினைவுத் தூணோடு நிறுத்திவிட்டோம். ஆம்பூர்ப் பக்கம் அர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம் இன்னும் துண்டு துண்டாகவாவது தெரிகிறது. சிதைந்ததுதான், ஆனாலும் ஆயிரத்து இருநூறு வருஷம்! காரைப்பூச்சைப் பக்குவமாகப் பூசிய பிறகே அவர்கள் வண்ணத்தைத் தொட்டார்கள். நாம் வெயிலூர் என்று ஊருக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டு, அந்த வெயிலில் நிற்க வேண்டிய சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிறோம்.

பராமரிப்புக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. புதிதாகச் செய்யப் பணம் வரும், போகும். செய்ததைக் காப்பதற்கு யாரும் திட்டம் அறிவிக்க மாட்டார்கள், அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆகவே ஒப்பந்தத்திலேயே சுவரைப் பதப்படுத்தும் செலவைத் தனியாகக் காட்டி, ஐந்து வருஷம் கழுவித் தொட்டுப் பூசும் கூலியையும் ஓவியருக்கே எழுத வேண்டும். எந்தச் சுவரில் யார், எந்த வருஷம், எந்தப் பெயிண்டில் வரைந்தார் என்று ஒரு பதிவேடு வேண்டும். குழாய் போடத் தோண்டுகிறவரும் வெள்ளை அடிக்கிறவரும் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, ஓவியருக்கு ஒரு போனாவது செய்த பிறகு கை வைக்கட்டும்.

சிலைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. இருக்கிற சிலைகளுக்குப் பிறந்தநாளன்று மாலை கிடைக்கிறது, மற்ற நாளில் காக்கைதான்.

அடுத்த சுவருக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால், வருகிற மாதிரிப் படங்களைப் புதிய பஸ் நிலையத்தில் பயணிகள் உட்காரும் இடத்தில் பத்து நாள் மாட்டி வைக்கலாம். திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டால் போதும். பேனாவைக் கயிற்றில் கட்டுவது முக்கியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.