மஞ்சள் கோட்டு அன்ரிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான பெற்றோருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும்,

நேற்று இரவு பத்தரை மணிக்கு, லண்டனில் எங்கள் பகுதிக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) கட்டிடத்தை விட்டு வெளியே வந்தபோது எங்களில் யாருக்கும் கதைக்க வரவில்லை. படிக்கட்டில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதோடு சரி. வீட்டுக்கு வந்து படுத்தும் நித்திரை வரவில்லை. அதனால் விடிய முன்னரே எழுந்து இதை எழுதுகிறேன். அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூடுவது பற்றிக் கருத்துக் கேட்டுக் கவுன்சில் அனுப்பிய அந்தக் கடிதம் எல்லோர் வீட்டுப் பிரிட்ஜ் கதவிலும் மாதக்கணக்காக ஒட்டியிருந்தது. முடிவை மட்டும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், என் கண்ணே நம்பட்டும் என்று: பள்ளிக்கூடம் மூடப்படாது. ரிசெப்ஷனில் (பள்ளியின் முதல் வகுப்பில்) 60 இடம் இனி 30 ஆகும். சிறுவர் நிலையம் ஐந்து நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் திறந்திருக்கும். இந்தக் குறைப்புகளில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று நன்றி மட்டும்.

முதலில் ஒருவருக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போட மாட்டேன். அவருக்குச் சம்பளம் தருவதும் இதே கவுன்சில்தான். றோட்டில் வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க விடுவதுதான் அவர் வேலை. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் 'லொலிபொப் அன்ரி'. மழையென்றாலும் வெயிலென்றாலும் அதே மஞ்சள் கோட்டு, அதே வட்டப் பலகை பூட்டிய தடி. காலை எட்டு இருபதுக்குப் பள்ளிக்கூடச் சந்திக்கு வருவார், கடைசிப் பிள்ளை கடந்த பிறகுதான் போவார். அவர் தடியை நீட்டினால் லொறியும் நிற்க வேண்டும். 1953இலேயே அதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். என் மகள் நர்சரியில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் அவரோடு கதைத்தது 'குட் மோர்னிங்', 'கையைப் பிடி', இவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனோம். கருத்துச் சொல்வதற்கான காலம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது, வேறு எதையும் யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. மறுநாள் அவர் வந்துவிட்டார். எங்களை நடுறோட்டில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் கார்கள் காத்துக்கொண்டு நிற்க, கோட்டுக்குள்ளே கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கள் ஆட்களிடம் கொடுங்கள். என் பெயர் வேண்டாம்." என்ன ஏது என்று கேட்க நேரமில்லை, பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

வேலைக்குப் போகும் ரயிலில் பிரித்துப் பார்த்தேன். கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள். பென்சிலால் எழுதிய பெரிய எழுத்து. பள்ளிக்கூடம் மூடப்பட்டால் எங்கள் பிள்ளைகள் போக வேண்டிய மற்றப் பள்ளிக்கு அவர் நடந்து பார்த்திருக்கிறார். காலை நெரிசல் நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறார். பேத்தியின் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, பிள்ளைக்குப் பதிலாக உள்ளே இரண்டு உருளைக்கிழங்குப் பைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். 'கைக்குழந்தை ஒன்று, நடக்கிற பிள்ளை ஒன்று என்று வரும் தாய்மார்தான் அதிகம். ஐந்து வயதுப் பிள்ளையின் வேகத்தில் நடந்தேன். அந்த வேகம் எனக்குத் தெரியும்' என்று மேலே ஒரு குறிப்பு. அதன் கீழே இருந்ததை என் தமிழில் தருகிறேன்:

'8.10 – பள்ளி வாசலில் இருந்து புறப்பட்டேன்.

8.19 – ரயில் பாலம். பாலத்துக்குக் கீழே நடைபாதை இல்லை. 40 அடி வைத்து றோட்டில் நடந்தேன். எதிரே பஸ் வந்தது.

8.26 – குப்பை எடுக்கும் நாள். தொட்டிகள் நடைபாதையை அடைத்து நிற்கின்றன. தள்ளுவண்டியை நான்கு இடத்தில் றோட்டில் இறக்க வேண்டி வந்தது.

8.31 – பெரிய சந்தி. விளக்கு இல்லை. கடப்பதற்கு இடைவெளி கிடைக்கும்வரை 23 வாகனம் எண்ணினேன்.

8.44 – சேர்ந்தேன். மணி அடித்துவிட்டது.'

கவுன்சில் அறிக்கையில் இதே பாதை ஒரே வரியில் இருந்தது: 0.8 மைல், 16 நிமிட நடை. நாங்கள் அந்த அறிக்கையை எத்தனை முறை வாசித்திருப்போம்! பிள்ளைகளின் எண்ணிக்கை, காலியிடம், பற்றாக்குறை என்று வரிக்கு வரி சண்டை பிடித்தோம். அந்தப் பதினாறு நிமிடத்தை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதே பாலத்துக்குக் கீழே கிழமைக்கு இரண்டு தரம் கார் ஓட்டிப் போகிறவள் நான். நடைபாதை இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை.

இங்கிலாந்தில் பள்ளிக்கு இலவசப் போக்குவரத்துக் கேட்க எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2 மைலுக்கு மேல் இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 3 மைல். ஆனால் அந்த மைலை அளக்கிற பாதை, தேவையென்றால் பெரியவர் ஒருவர் துணையோடு, பிள்ளை ஓரளவு பாதுகாப்பாக நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை எங்களுக்கு எடுத்துக் காட்டியது பென்சிலில் எழுதிய இரண்டு தாள்தான்.

நேற்று அமைச்சரவைக் கூட்டத்தில் (கவுன்சிலுக்கும் அமைச்சரவை என்றுதான் பெயர், எனக்கு இன்னும் சிரிப்பு வரும்) ஓர் உறுப்பினர் அந்தத் தாளின் நகலைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பாதையில் நம்மவர் யாராவது நடந்து பார்த்தார்களா?" என்று கேட்டார். வரைபட மென்பொருளில் அளந்தோம் என்று பதில் வந்தது. அவர் மறுபடியும் அதே கேள்வியை, அதே சொற்களில், இன்னும் மெதுவாகக் கேட்டார். பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையை நசுக்கிய நசுக்கு இன்னும் வலிக்கிறது. உருளைக்கிழங்கு விஷயத்தை அங்கே யாரும் சொல்லவில்லை. அது நம் ஆட்களுக்கு மட்டும்.

அன்ரி, இதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பூங்கொத்தோடு வந்தால் நீங்கள் தடியை எந்தக் கையில் பிடிப்பீர்கள்?

இனி மற்றவர்கள். முதல் கூட்டத்தில் 'எத்தனை கையெழுத்து இருந்தாலும் ஒரு மனுவை ஒரே பதிலாகத்தான் எண்ணுவோம்' என்று சொல்லி எங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார்களே, அன்றிரவே ஆளுக்கொரு கடிதம் என்று திட்டத்தை மாற்றிய தம்பிமாருக்கு நன்றி. தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று கேட்டுக் கேட்டே, கடைசியில் கை நடுங்க எழுதித் தந்த அம்மம்மாமாருக்கும், அவற்றை இரவோடு இரவாக ஆங்கிலத்தில் ஆக்கிய ஏ லெவல் பிள்ளைகளுக்கும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளையை இதில் இழுக்காதே என்று என்னைத் திட்டிவிட்டுப் பிறகு தேநீர் போட்டுத் தந்த அவர்களின் தாய்மாருக்கும் நன்றி. நூலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்துக்குக் காகிதம் போட்டுக்கொண்டே இருந்தவருக்கு, சோமாலி, போலிஷ், குஜராத்திக் குடும்பங்களுக்கு, எதுவும் வெளிப்படையாகச் சொல்ல முடியாத நிலையிலும் தினமும் வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற ரீச்சர்மாருக்கு. யாரையாவது விட்டிருந்தால் என்னை வழியில் மறித்துக் கேளுங்கள்.

சட்டம் படித்த அண்ணாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருத்துக் கேட்பு என்பது வெறும் சடங்கு என்று நாங்கள் சலித்துக்கொண்டபோது அவர்தான் 1985ஆம் ஆண்டு வழக்கு ஒன்றை எடுத்து விளக்கினார். லண்டனின் பிரென்ட் பகுதிக் கவுன்சிலுக்கு எதிரான வழக்கு, அதுவும் பள்ளிகளை மூடுவது பற்றியதுதான். முடிவு எடுக்கும் முன்னரே கேட்க வேண்டும், புரிந்து பதில் சொல்லுமளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட வேண்டும் என்ற நான்கும் அந்த வழக்கிலிருந்து வந்தவை. 2014இல் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. கேட்டபோது எனக்கு வந்த முதல் எண்ணம் வெட்கக்கேடானது: இத்தனை வருடமாக நான் கவுன்சில் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துக்கொண்டிருந்தேனே!

உண்மையைச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு அரச முத்திரை போட்ட கடிதம் என்றாலே வயிற்றைப் பிசையும். அவர்கள் கேட்கிறார்கள் என்றால் முடிவு எடுத்தாயிற்று என்றுதான் நினைப்போம். பல தடவை அது சரியும்கூட. இந்த முறையும் பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள் என்பது என் எண்ணம். கவுன்சிலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபரில் எடுக்கும் கணக்கில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதற்கேற்பத்தான் பள்ளிக்குப் பணம் வரும். முப்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பத்தொன்பது பேர் இருந்தால் பத்தொன்பது பேருக்கான பணம்தான். ரீச்சரின் சம்பளமும் ஹீட்டர் செலவும் அதற்காகக் குறையாது. பிள்ளைப் பிறப்பு குறைகிறது, வாடகை கொடுக்க முடியாமல் குடும்பங்கள் லண்டனை விட்டுப் போகின்றன. இந்தப் பிரச்சினை நேற்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனிக் கவுன்சில் எதைக் கேட்டாலும், குப்பைத் தொட்டியின் நிறத்தைப் பற்றிக் கேட்டாலும், பதில் எழுதுவேன். எழுதும் முன்னர் அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்ப்பேன்.

அதற்கு அதிக நாள் காத்திருக்கத் தேவையில்லை. நேற்றுக் கூட்டத்தின் நிரலில் பதினோராவது விடயத்தை யாராவது கவனித்தீர்களா? நாங்கள் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தபோது அது நிறைவேறிவிட்டது. பள்ளிச் சந்திகளில் தடி பிடித்து நிற்பவர்களை வைத்திருப்பது கவுன்சிலுக்குக் கட்டாயமில்லாத செலவாம். அவர்களைக் குறைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். எங்கள் சந்தியும் பட்டியலில் இருக்கிறது. உறையைத் தந்த அன்று அன்ரிக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படிவங்கள் அடுத்த கிழமை வெளிவரும். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குச் சந்தியில் நிற்பேன், வாகனங்களை எண்ணுவதற்கு. யாரிடமாவது நல்ல பென்சில் இருந்தால் கொண்டுவாருங்கள்.